சொந்த விருப்பம்

— அப்போ நீங்களாத்தான் வேலையை விட்டீங்கன்னு போட்டுக்கட்டுமா, குவாபரா அம்மா?

— போட்டுக்குங்க தம்பி. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?

— எனக்கு ஒரு சிரமமும் இல்லைம்மா. வேலை போனவங்களுக்குப் பணம் கொடுக்கறதுதானே இந்த ஆபீஸ். நீங்களா விட்டிருந்தா மாசக்கணக்குல காத்திருக்கணும். நீங்க வேலை பாத்த விடுதிக்காரங்களே அனுப்பியிருந்தா சீக்கிரம் வரும், ரொம்ப நாளைக்கும் வரும். அதான் திரும்பத் திரும்பக் கேக்கறேன்.

— அக்கா, நான் பக்கத்து நாற்காலி ஒகினோ. டாக்சி ஓட்டினவன். அனுப்பிட்டாங்கன்னு சொல்லித் தொலைங்கக்கா.

— ஒகினோ சார், உங்க நம்பர் இன்னும் கூப்பிடலை.

— கூப்பிடற வரைக்கும் வாயை வீட்டுலயா கழட்டி வச்சிட்டு வர முடியும்?

— அம்மா, அவர் கிடக்கட்டும். நடந்ததை மட்டும் சொல்லுங்க.

— நடந்தது என்ன... ஒகாமி அம்மா, அதான் எங்க முதலாளியம்மா, கூப்பிட்டு உக்கார வச்சாங்க. கூட்டமே இல்லை, மாடி அறைகளை மூடப்போறோம்னாங்க. சொல்லிட்டு, மன்னிச்சுடுன்னு பாயில நெத்தி படற மாதிரி குனிஞ்சுட்டாங்க. என்கிட்ட போய்! நான் போயிடறேம்மா, எந்திரிங்கன்னுட்டேன்.

— இது அவங்க அனுப்பினதுதானேம்மா?

— போன்னு ஒரு வார்த்தை சொல்லலையே. குனிஞ்சுதானே இருந்தாங்க.

— நல்லாக் குனிஞ்சாங்க! எங்க கம்பெனியில நிமிந்து நின்னு போடான்னாங்க. நான் தேவலை போல.

— ராஜினாமாக் கடிதம் உங்க கையெழுத்துல இருக்கேம்மா?

— நீங்களே ரெண்டு வரி எழுதிக் கொடுத்தா ரெண்டு பேருக்கும் மரியாதைன்னாங்க. கொடுத்தேன். வாங்கிக்கிட்டு அழுதுட்டாங்க தம்பி. இருபத்தாறு வருஷம் அவங்க வீட்டுச் சோறு.

— சரி, கேளுங்க. சொந்த விருப்பத்துல விட்டீங்கன்னு அவங்க எழுதி அனுப்பியிருக்காங்க. நீங்க அதை மறுக்கலாம். மறுத்தா நாங்க விடுதிக்கே போய் விசாரிப்போம்.

— ஐயோ, வேண்டவே வேண்டாம். நொடிச்சுப் போற வீட்டு வாசல்ல அதிகாரி போய் நிக்கறதா? சின்ன ஊரு தம்பி. அப்புறம் அவங்க எப்படித் தெருவுல நடப்பாங்க?

— நீங்க எப்படி நடப்பீங்க? விடுதியில தங்கியிருந்த ரூமும் போச்சே.

— சலவைக்கடை மாடியில ஒரு ரூம் பாத்திருக்கேன். மாசக் கடைசி வரைக்கும் வாடகைக்குப் பொறுக்கறேன்னு கடைக்காரர் சொல்லியிருக்கார்.

— அதுக்கப்புறம்?

— அதுக்கப்புறம்... என்னமோ பண்ணிக்கறேன்.

— இந்த அக்கா பட்டினி கிடந்தாலும் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் கிடப்பாங்க.

— ஒகினோ சார்!

— சரி சரி, நான் ஜன்னலைப் பாக்கறேன்.

— உங்க இஷ்டம்மா. இன்னும் ஒண்ணே ஒண்ணு. என்ன வேலை தேடறீங்கன்னு பதிஞ்சாகணும். விடுதி வேலையே பாக்கட்டுமா?

— மெத்தை விரிப்பேன், சாப்பாட்டுத் தட்டு தூக்குவேன். வேற என்ன தெரியும் எனக்கு? இந்த வயசுல யாரு எடுப்பா?

— அப்படியெல்லாம் சொல்லாதீங்க. இருங்க, இன்னிக்குக் காலையிலகூட ஒண்ணு வந்திருக்கு. வெந்நீர் ஊற்று விடுதி, இதே ஊருதான். பணிப்பெண்கள் ரெண்டு பேர் வேணுமாம், தங்க இடம் கொடுப்பாங்களாம்.

— ரெண்டு பேரா? கொடுத்து வச்ச விடுதி. எங்க ஒகாமி அம்மாவுக்கும் இப்படி ஒரு நல்ல காலம் வரணும்.

— ஏரி பாத்த மாடி அறைகளைக் கவனிச்சுக்கணும், அனுபவம் தேவையில்லை, சம்பளம்...

— ஏன் தம்பி நிறுத்திட்டீங்க?

— ஒண்ணுமில்லைம்மா. வேற பாக்கலாம்.

— எந்த விடுதி?

— வேற நிறைய இருக்கும்மா.

— விடுதி பேரைப் படிங்க தம்பி.

— உங்க விடுதிதாம்மா.

— மாடி அறைன்னா போட்டிருக்கு?

— ஆமாம்மா. ரெண்டு பேருமே மாடிக்குத்தான்.

— சம்பளம்?

— உங்களுக்குக் கொடுத்ததுல பாதிதான் இருக்கும்.

— அக்கா... நான் இப்ப வாயே திறக்கலை.

— தம்பி, மறுக்கறேன்னு எழுதிக்குங்க. விசாரிக்கப் போற அன்னிக்கு நானும் கூட வரேன்.