மேற்கே பார்த்த கட்டம்

அதிகாலை நாலேகால் மணி. மேற்கு முனைச் சாலை. எங்கள் தீவில் அந்தச் சாலையில் வீடு கிடையாது, விளக்கு கிடையாது, இரண்டு பக்கமும் கல்சுவர்தான். நாலு பேர் ஓடுகிறோம். தலைமேல் படகு. ஆமாம் டாமினிக், தலைமேல்தான். மரச்சட்டத்தில் தார்த்துணி போர்த்திய எங்கள் ஊர்த் துணிப்படகைக் கவிழ்த்து, தோளில் ஏற்றித்தான் கரைக்குக் கொண்டுபோவோம். உள்ளே கும்மிருட்டு... தார் வாடை... முன்னால் ஓடுகிறவனின் குதிகால் மட்டும் தெரியும். பின்னால் பாதிரியார் மூச்சிரைக்க வருகிறார். 

சிரிக்காதே. லாரி ஓட்டுகிறவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? வின்னி அம்மா, அந்தக் கதவை நன்றாகச் சாத்துங்கள். விடியும்வரை படகு இல்லை, நாம் ஆறு பேரும் உங்கள் விடுதி அடுப்படியில்தான் கிடக்கப்போகிறோம். கதை கேட்டது நீங்கள். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. இது யாரோ சொல்லிக் கேட்டதில்லை, என் மச்சினன் ஃபெஸ்டிக்கு நடந்தது. போன செப்டம்பரில்.

ஏன் ஓடினோம் என்றால்... தீவுக்கு மேற்கே ஒரு மைலில் ஆட்டுத்திட்டு இருக்கிறது. ஆளில்லாத பாறை. உச்சியில் புல், ஒரு கல்குடிசை, அவ்வளவுதான். அங்கே மாட்டிக்கொண்டவன் கத்தினால் கேட்காது. தீ மூட்ட ஒரு குச்சி கிடைக்காது. அதனால் ஊரைப் பார்த்த சரிவில் புல்லை உரித்து, கருமண் தெரியும்படி ஒரு கட்டம் வெட்டுவான். கதவு அளவு. ஒரு கட்டம் என்றால் படகு அனுப்பு. இரண்டு என்றால் அடிபட்டுக் கிடக்கிறேன். மூன்று என்றால் பாதிரியாரையும் கூட்டி வா. நாலுக்கு அர்த்தம் இல்லை. யாரும் வெட்டியதில்லை. கட்டத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த ஆம்பளை எங்கள் தீவில் அதுவரை ஒருவன்கூட இல்லை.

முந்தின நாள் அந்தியில் மூன்று கட்டம் தெரிந்தது. இருட்டில் அந்தக் கரையில் இறங்க முடியாது. விடியற்காலைக் கடல் ஏற்றத்துக்குக் காத்திருந்து ஓடினோம். உள்ளங்கை தோல் உரியத் துடுப்பு வலித்தோம். போய்ச் சேர்ந்தால்... கரையில் ரோலண்ட் நின்று கைதட்டுகிறான். கழுத்தில் கேமரா.

"பிரமாதம்! இந்தப் பதற்றம்தான் எனக்கு வேணும்! இன்னொரு தரம் இறங்கி ஓடி வாங்க!"

ரோலண்ட் டப்ளின் ஓவியன். ஆகஸ்டில் வந்தான். பகலெல்லாம் எங்கள் பாறைகளைப் படம் பிடிப்பான், ராத்திரி அதைப் பார்த்து வரைவான். வெறும் பாறை இல்லை. பாறைமேல் கிரேக்கக் கதை வீரர்களை நிறுத்துவான். எங்கள் ஊர்ப் படகு ஆசாரி அக்கிலீஸ் ஆனான். கசாப்புக்காரன் ஹெர்குலிஸ் ஆனான். என்னைச் சும்மா பின்னால் நிற்கிற ஆளாகக்கூடக் கூப்பிடவில்லை. எனக்கு அது வருத்தம்தான், இல்லை என்று சொன்னால் பொய்.

ஃபெஸ்டிக்கு ஒரு வீரனைக் கொடுத்தான். பெயர் என் வாயில் நுழையாது. பாம்பு கடித்துக் கால் அழுகிப்போனவன். அவன் போடுகிற சத்தமும் புண்ணின் நாற்றமும் தாங்காமல், கூட வந்த நண்பர்களே ஒரு தீவில் இறக்கிவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார்கள். ஃபெஸ்டி அன்றைக்குக் காலில் கந்தல் சுற்றி, ஆட்டு ரத்தம் பூசிக்கொண்டு, பல்லை இளித்துக்கொண்டு நின்றான்.

"கோவிச்சுக்காத மச்சான். படத்துக்குத்தான் வெட்டுனோம்."

என் மனைவி டெலியாவுக்கு அவன் ஒரே தம்பி. தாய் இல்லாமல் இவள் வளர்த்த பிள்ளை. துடுப்புப் போடவே வராது அவனுக்கு. மூன்று பேர் ஒன்றாக வலித்தால் இவன் ஒருத்தன் பின்னால் வலிப்பான். ஊரில் யாரும் படகில் சேர்க்கமாட்டார்கள். அப்படிப்பட்டவனை ஒருத்தன் வீரன் என்று சொன்னால் எங்கே கால் தரையில் நிற்கும்? அது இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. பாதிரியார் உட்பட நாங்கள் ஐந்து பேரும் முட்டாளானோம், ஊரே ஒரு வாரம் சிரித்தது. மதுக்கடையில் எல்லார் முன்னாலும் சத்தியம் செய்தேன். இனி அந்தத் திட்டில் முப்பது கட்டம் வந்தாலும் துடுப்பைத் தொடமாட்டேன் என்று.

பத்து நாள் கழித்து ஃபெஸ்டி மறுபடி திட்டுக்குப் போனான். தபால் படகில் இறக்கிவிட்டார்கள். இரண்டு ராத்திரி. கையில் ரொட்டி, பன்றிக்கறி, ஒரு மண்வெட்டி. ரோலண்ட் இந்தத் தடவை இந்தப் பக்கத்துக் குன்றிலேயே நின்றான், நீளக் குழாய் லென்ஸ் வைத்துத் தூரத்திலிருந்து எடுக்கவேண்டுமாம்.

பழைய மூன்றையும் அன்றைக்கே புல் பதித்து மூடியிருந்தோம். செவ்வாய்க்கிழமை புதுசாக ஒரு கட்டம் தெரிந்தது. ஊர் சிரித்தது. புதன்கிழமை இரண்டு. "பையன் நல்லா நடிக்கிறான்"னு ஆசாரி சொன்னான். டெலியாவுக்குக் கடும் காய்ச்சல், கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

"திட்டு தெரியுதா? ஃபெஸ்டி எப்படி இருக்கான்னு பாருய்யா."

"மூடுபனி. ஒண்ணும் தெரியல."

மூடுபனி இல்லை. வானம் கழுவிவிட்டது மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை மூன்று. சுவர்மேல் முழங்கையை ஊன்றித் தொலைநோக்கியில் பார்த்தேன். முதல் இரண்டும் நேராக இருந்தன. மூன்றாவது கோணல்மாணல்... பாதிதான் உரித்திருந்தது. பக்கத்தில் ஏதோ தரையோடு ஊர்ந்தது. ஆடு என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆடு என்று நினைக்க ஆசைப்பட்டேன். உள்ளே போய்ச் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை ரோலண்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தபால் படகில் கிளம்பினான். நான் துறையில் நின்றேன். படகு நகர்ந்தபிறகு கையை வாயருகே குவித்துக் கத்தினான்.

"ஃபெஸ்டியை நீங்க கூட்டிட்டு வந்திருவீங்கல்ல?"

தலையாட்டினேன். காற்றில் அவன் சொன்னது கேட்கவில்லை என்று பின்னால் ஊரில் சொன்னேன். எனக்குக் கேட்டது, வின்னி அம்மா. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. சனிக்கிழமை போய்க்கொள்ளலாம், இன்னும் ஒரு ராத்திரி குளிரில் கிடந்தால்தான் கொழுப்பு அடங்கும் என்று நினைத்தேன். அந்த ராத்திரியே புயல் பிடித்தது. ஆறு நாள். ஒருத்தனும் படகைத் தொட முடியவில்லை.

கடல் அடங்கியதும் போனோம். குடிசையில் ரத்தம் காய்ந்த கந்தல் கிடந்தது. மோந்து பார்த்தேன், ஆட்டு ரத்தம் இல்லை. கதவுப்பலகையை உடைத்துக் காலுக்குக் கட்டை கட்டியிருக்கிறான், துணிப்பட்டையும் முடிச்சும் கிடந்தன. ரொட்டி ஒரு துணுக்குக்கூட இல்லை. ஃபெஸ்டியும் இல்லை. கூப்பிட்டோம்... கூப்பிட்டுக்கொண்டே சுற்றினோம். ஆசாரிதான் மேற்குச் சரிவில் போய் நின்று எங்களைக் கைகாட்டி அழைத்தான்.

அங்கே நாலாவது கட்டம் இருந்தது. ஊரைப் பார்த்து இல்லை. மேற்கே, வெறும் கடலைப் பார்த்து. அந்தப் பக்கம் ஊர் கிடையாது, தீவு கிடையாது, மனுஷன் கிடையாது. எங்களைக் கூப்பிட்டு அலுத்துப்போய், அவன் வேறு யாரையோ கூப்பிட்டிருக்கிறான். வெட்டு அன்றைக்கு வெட்டினது மாதிரி இருந்தது... புல்வேர் வெள்ளையாக, ஈரமாக. நாலு ஓரமும் நேர்த்தி. கால் ஒடிந்து, பட்டினி கிடந்தவன் வெட்டினது மாதிரி இல்லை.

கீழே கூழாங்கல் கரை. அலை மோதி உடைகிற இடம், அங்கே ஒரு படகும் ஒதுங்க முடியாது. ஆனால் கரையிலிருந்து கட்டம்வரை கல்லை விலக்கிக்கொண்டு ஒரு படகு இழுத்த தடம். திரும்பவும் கடலுக்குள் இழுத்த தடம். அணைத்த மெழுகுவர்த்தி வாடை அந்த இடம் பூராவும் அடித்தது. யாருக்கும் அங்கே நிற்கத் தைரியமில்லை. அலை அடித்துப் போயிருக்கும் என்று பாதிரியார் சொல்லி, உடல் இல்லாமலே இறுதிப் பூசை வைத்தார்.

டெலியா எழுந்து நடமாடினாள். "பனி மூடியிருந்துச்சுன்னா நீ என்ன பண்ணுவ, பாவம்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். நான் அதையும் வாங்கிக்கொண்டேன்.

நவம்பரில் இறந்தவர்களுக்கு விளக்கு ஏற்றுகிற ராத்திரி. அலையே இல்லை. கடலிலிருந்து சத்தம்... துடுப்பு. சளக், சளக், சளக் என்று மூன்று ஒன்றாக. பிறகு ஒன்று தனியாக, பின்னால்... சளக். டெலியா கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டு வெறுங்காலோடு கரைக்கு ஓடினாள்.

"ஃபெஸ்டி! அக்காடா! வீட்டுக்கு வாடா!"

துடுப்பு நின்றது. நாலும் நின்றது. அவளுக்கு இடுப்பளவு தண்ணீர், நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறேன். ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு மறுபடி சளக், சளக்... தூரமாகப் போனது. அவன் கேட்டான். கேட்டுவிட்டு, வரவில்லை.

"ஏன்யா போறான்? நாம அவனுக்கு என்ன செஞ்சோம்?"

அவளைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தேன். டாமினிக், நீ ஏன் சிரிக்கிறதை நிறுத்திவிட்டாய்?

போன வாரம் டப்ளினிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. ரோலண்ட் அனுப்பியது. ஓவியம் பெரிய கூடத்தில் மாட்டியிருக்கிறதாம், எல்லாரும் அந்த முகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்களாம். குடும்பத்துக்கு நினைவாக இருக்கட்டும் என்று ஃபெஸ்டியின் படங்கள் பதினொன்று. பின்புறம் பென்சிலில் கிழமை, மணி. ஒடிந்த காலோடு ஃபெஸ்டி ஊர்கிற படம் மட்டும் ஐந்து, அவ்வளவு கிட்டத்தில். நடிக்கிறான் என்று நினைத்து எடுத்தானோ, தெரிந்தே எடுத்தானோ, எனக்குத் தெரியாது. அவனைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

கடைசிப் படம், வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டரை. தெளிந்த வானம். தூரத்தில் திட்டு, மூன்று கட்டம். இந்தப் பக்கம் எங்கள் வீட்டுச் சுவர். சுவர்மேல் முழங்கை ஊன்றி, தொலைநோக்கியோடு நான்.

டெலியா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். திட்டவில்லை. அழவில்லை. தட்டு அடுக்குகிற அலமாரியில், எல்லாத் தட்டுக்கும் முன்னால் அதை நிறுத்தி வைத்தாள். ராத்திரி உருளைக்கிழங்கு வேகவைத்து எனக்குப் பரிமாறினாள். 

இன்றைக்குக் காலையில் சத்தம் கேட்டு விழித்தேன். சரக்... தொப். சரக்... தொப். பின்பக்கம் போனேன். அவள் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். வீட்டுச் சரிவில் புதுசாக ஒரு கட்டம். கதவு அளவு. மேற்கே பார்த்து.

"யாருக்குடி இது?"

"நான் கூப்பிட்டா அவன் வரல. உன்னைக் குடுக்கறேன்னா வருவான்."

கோபமாகச் சொல்லவில்லை, டாமினிக். பால் வாங்கணும் என்கிற மாதிரி சொன்னாள். பயந்துபோய் மதியப் படகைப் பிடித்து இங்கே ஓடி வந்தேன். பையை எடுக்க உள்ளே போனபோது பார்த்தேன், சாயங்காலச் சாப்பாட்டுக்கு மேஜையை அப்போதே தயார் செய்திருந்தாள். நல்ல துணி விரித்து, ஃபெஸ்டியின் நாற்காலியைத் துடைத்து, அவனுக்குப் பிடித்த உப்புக்கருவாட்டை ஊறப்போட்டிருந்தாள்.

தட்டு இரண்டுதான் வைத்திருந்தாள்.