சனிக்கிழமைச் சமையல்

அமல்ராஜ் சார், எங்கள் வீட்டில் சனிக்கிழமைச் சமையல் என்னுடையது. ஜெனிஷாவின் நாவலைப் பதிப்பிக்கப்போகிறீர்கள், அதற்கு நான் ஒரு முன்னுரை எழுதித் தர வேண்டும் என்றீர்கள். குழந்தை, வேலை, எழுத்து மூன்றையும் அவள் எப்படிச் சமாளித்தாள் என்று கணவரே சொன்னால் நன்றாக இருக்கும் என்றீர்கள். எங்கே தொடங்கினாலும் அது அடுப்பில்தான் வந்து நிற்கிறது.

வாரத்தில் ஐந்து நாள் அவளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை. மீதி நேரமெல்லாம் மகள் ஸ்டெஃபிக்கு. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை மட்டும் எழுதுவாள். அந்த நான்கு மணி நேரத்தை அவளுக்குக் கொடுத்தது நான். மேனாம்பேட்டில் எங்கள் தெருப் பெண்கள் தங்கள் கணவர்களிடம் என்னைத்தான் உதாரணம் காட்டுவார்கள்.

எழுதும்போது அவள் தனக்குள் சிரிப்பாள். கல்யாணமான புதிதில் என்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. ஒருநாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

"திருமுருகன் இன்னிக்குச் சாப்பிடாமயே டியூட்டிக்கு வந்துட்டார். பாவம்."

"யாரு திருமுருகன்?"

"ரயில்வே கேட் கீப்பர். என் கதையில வர்றவர்தான்ப்பா. அவருக்கு என்ன குடுக்கலாம்னு யோசிச்சிட்டிருக்கேன்."

அன்று நானும் சாப்பிட்டிருக்கவில்லை.

ஸ்டெஃபிக்கு நான்கு வயது. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது, இழுப்பு வந்துவிடும். வீட்டுக்குள்ளேயே கடலை வரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த சனிக்கிழமை அவளுடைய இட்லிப் பொடியில் ஒரு சிட்டிகை கடலைப் பொடி கலந்தேன். சிட்டிகைதான். நெபுலைசரைப் பக்கத்திலேயே எடுத்து வைத்திருந்தேன். பத்தரைக்குக் குழந்தைக்கு மூச்சு இழுத்தது. ஜெனிஷா லேப்டாப்பை மூடிவிட்டு ஓடி வந்தாள். மதியம் மூன்று பேரும் ஒரே கட்டிலில் படுத்திருந்தோம். நல்ல மதியம் அது.

ஐந்து சனிக்கிழமை அப்படிப் போயிற்று. கீழ் வீட்டு நாகம்மாள்தான் அவளிடம் சொன்னார். "இன்னாம்மா இது, மத்த நாள்லாம் கொயந்த துள்ளிக்கினு கீது. நீ அந்தப் பொட்டியத் தொறந்தாதான் இழுக்குது. எயுதுனது போதும், உட்ரு."

சிரித்துத் தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். அந்த ஞாயிறு ஆராதனையில் முழங்காலிட்டுப் பொருத்தனை செய்துகொண்டாள். குழந்தை சுகமானால் இனி எழுதுவதில்லை. நான் கடலைப் பொடியை நிறுத்தினேன். குழந்தைக்குச் சுகமானது. ஜெனிஷா சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் என்னோடு சமையலறையில் நின்றாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். சிரிக்கவில்லை. நான் பொறுமையாகக் காத்திருந்தேன்.

மூன்று மாதம் கழித்து பாஸ்டர் ஜெயபால் அவளைக் கூப்பிட்டு, "ஆண்டவர் உன் கதையைக் காவு கேக்கலம்மா, போய் முடி" என்றார். வீட்டில் எழுத அவளுக்குப் பயம். சனிக்கிழமைகளில் ரயிலேறி, ஆவடியில் தோழி கஸ்தூரியின் வீட்டுக்குப் போய் எழுதினாள். குழந்தையை என்னை நம்பி விட்டுவிட்டுத்தான் போனாள். திரும்பும்போது முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது.

நாவலை அவள் முடித்து உங்களுக்கு அனுப்பிய சனிக்கிழமையன்று மறுபடி பொடியை எடுத்தேன். பதினொரு மணிக்கு ஆவடியில் இருந்தவளுக்குப் போன் செய்து, பாப்பாவுக்கு இழுக்குது என்றேன். பொய் இல்லை, இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

"நான் எழுதுனதாலதான், இல்லப்பா?" என்றாள்.

நான் இல்லை என்று சொல்லவில்லை.

அம்பத்தூரில் இறங்கியவள் மேம்பாலம் ஏறவில்லை. தண்டவாளத்தில் இறங்கிக் குறுக்கே ஓடினாள். அடுத்த லைனில் வந்த வண்டியைப் பார்க்கவில்லை. அவசரத்தில் கடந்தார் என்று போலீஸ் எழுதினார்கள். சரியாகத்தான் எழுதினார்கள்.

நீங்கள் அனுப்பிய அச்சுப் பிரதியைப் படித்தேன். திருமுருகனுக்குக் கடைசி அத்தியாயத்தில் சாப்பாடு கிடைக்கிறது. அவனைக் கட்டிக்கொண்டவள் டிபன் கேரியரில் கொண்டுவருகிறாள். சுண்டைக்காய் வற்றல் குழம்பு, வெங்காயம் கொஞ்சம் கருக வதக்கியது. அது என் கைப்பக்குவம், சார். வேறு யாரும் அப்படி வைப்பதில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்து அவனுக்குக் கொடுத்திருக்கிறாள்.

முன்னுரைக்கு இதில் எது தேறும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையைப் பற்றி விசாரித்திருந்தீர்கள். நன்றாக இருக்கிறாள். அவளுக்குக் கெடுதல் வர நான் ஒருநாளும் விட்டதில்லை. இன்று மாலை பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சொல்லித் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டேன்.

"உனக்குச் சொல்ல மாட்டேன் டாடி. இது கதை."

நாளை சனிக்கிழமை. இட்லிக்கு மாவு அரைத்து வைத்துவிட்டேன்.