இந்து அக்காவா?

வெயிலில் நடந்து வந்தவர்களுக்கு ஊசி போடுவது எளிது, மேடம். நரம்பு விரிந்து தோலுக்கு மேலேயே தெரியும். ஏ.சி.யில் செத்த நேரம் உட்கார்ந்துவிட்டால் சுருங்கிப் போகும். கீமோ ஏற ஏற இன்னும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். மற்ற நர்ஸுகள் அங்கே இங்கே குத்திப் பார்த்துவிட்டு என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, புறங்கையை என் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்பேன். பதில் சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே இருக்கும்.

எனக்கு இந்த வேலை பிடிக்காது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. அதனால் சொன்னேன். ராஜபாளையத்தில் இந்த ஆஸ்பத்திரி புற்றுநோய்க்கென்று தனி வார்டு திறந்த நாளிலிருந்து நான் இருக்கிறேன். டாக்டர் மதுரையிலிருந்து வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். மற்ற நாட்களில் வார்டு என்றால் நான், நான் என்றால் வார்டு. வாந்தி நிற்கவில்லையா, வாயில் புண்ணா, முடி கொட்டுகிறதா, எல்லாம் பாக்கியம் சிஸ்டர்தான். மாங்காய்க் காலம் வந்தால் முதல் சப்பட்டைப் பழம் எனக்கு வந்துவிடும். நான் கேட்டதில்லை. அவர்களாகக் கொண்டுவருவார்கள்.

இந்து போன வருஷம் வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண். எம்.எஸ்ஸி. முடித்து, சென்னையில் புற்றுநோய் சிகிச்சைக்கென்றே தனிப் பயிற்சி எடுத்தவள். அவளுக்காகவே நர்ஸ் பிராக்டிஷனர் என்று ஒரு பதவி உண்டாக்கினார்கள். டாக்டர் இல்லாத நாட்களில் நோயாளியைப் பார்ப்பது, ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து இன்றைக்குக் கீமோ ஏற்றலாமா என்று டாக்டரிடம் பேசி முடிவு செய்வது, வலிக்கு மருந்தைக் கூட்டுவது குறைப்பது எல்லாம் அவள் பொறுப்பு. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, புதுப் பெண்ணுக்கு வார்டைக் காட்டிக்கொடுங்கள் சிஸ்டர் என்றார். காட்டிக்கொடுத்தேன். நன்றாகவே காட்டிக்கொடுத்தேன். எந்தப் பாட்டிக்கு எந்தக் கையில் நரம்பு ஓடும் என்பது வரைக்கும் சொன்னேன்.

அவள் கெட்டிக்காரி. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஸ்கேனில் பார்த்து, புஜத்து நரம்பில் மெல்லிய குழாய் ஒன்றைத் தானே வைத்துவிடுவாள். சிகிச்சை முடியும் வரை அதிலேயே மருந்து ஏறும். "இனிமே யாரையும் குத்திக் குத்தித் தேட வேண்டாம் சிஸ்டர்" என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள். அவளுக்கு அதில் ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. எனக்கு உதவி செய்கிறோம் என்றே நினைத்தாள். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

பாண்டிசெல்வி தளவாய்புரத்துக்காரி. பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிற வேலை. மார்பில் கட்டி. ஆபரேஷன் முடிந்து, மிச்சம் மீதி இருந்தால் கரையட்டும் என்று கீமோவுக்கு அனுப்பியிருந்தார்கள். பிழைக்கிற கேஸ், மேடம். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் மறைக்க விரும்பவில்லை. முதல் நாள் கழிப்பறையில் போய் நின்றுகொண்டு அழுதவளை வெளியே கூட்டிவந்தது நான். முடி தானாகக் கொட்டுவதற்கு முன்னால் வெட்டிவிடு, மனசு கஷ்டப்படாது என்று சொன்னது நான். அன்றைக்கு என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாம் முறை வந்தபோது மருந்துப் பாட்டிலை மாட்டிக் குழாயை இணைக்கப் போனேன். கையை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"செத்த நேரம் பொறுங்க சிஸ்டர். இந்து அக்கா வந்துரட்டும்."

அவ்வளவுதான். நான் சிஸ்டர், அவள் அக்கா. பாட்டிலை அப்படியே மாட்டி வைத்துவிட்டு வந்துவிட்டேன். இந்து வந்து இணைத்தாள். இருவரும் எதற்கோ சிரித்தார்கள். என்னைப் பற்றி இருக்காது என்று எனக்குத் தெரியும். அவர்கள் பேச்சில் நான் இருந்திருக்கவே மாட்டேன்.

கீமோ ஏற்றி ஒரு வாரம் பத்து நாளில் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கிவிடும். அந்தச் சமயத்தில் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. மாத்திரை போட்டு அமுக்கக் கூடாது. நேராக வர வேண்டும், வந்தவுடன் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும். தாமதித்தால் விஷம் உடம்பெல்லாம் ஏறிவிடும். புது நோயாளிகளுக்கு இதைப் பாடம் மாதிரி சொல்லிக்கொடுப்பது நான்தான். இந்துவும் சொல்வாள். கூடவே, எந்நேரமும் டூட்டி போனுக்குக் கூப்பிடுங்கள், நான் எடுப்பேன் என்று சொல்வாள். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது. ஒரே ஆளால் எல்லா நேரமும் எடுக்க முடியுமா?

அது ஒரு சனிக்கிழமை. மத்தியானத்துக்கு மேல் வார்டு காலி. இந்து அன்று ஓயாமல் டூட்டி போனில் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு அதைச் சார்ஜில் போட்டுவிட்டு, வலியில் கிடந்த பெரியவர் ஒருவரைப் பார்க்க மாடிக்குப் போனாள். போன் அடித்தது. நான் எடுத்தேன். எடுத்ததில் தப்பில்லை, வார்டு போன்தானே.

"இந்து அக்காவா?"

பாண்டிசெல்வி குரல் என்று தெரிந்தது; மூன்றாம் கீமோ ஏறிப் பத்து நாள் ஆகியிருந்தது. நான் மாஸ்க் போட்டிருந்ததால் என் குரல் அவளுக்கு அடையாளம் தெரிந்திருக்காது. ஆமா என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். அந்தக் குரலில் அப்படி ஓர் உரிமை இருந்தது, மேடம். அதற்கு ஒரு தடவையாவது ஆமா சொல்லிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அந்த நொடி வரைக்கும் வேறு எண்ணம் இல்லை.

காலையிலிருந்து காய்ச்சல், உடம்பு தூக்கிப் போடுகிறது என்றாள். வீட்டுக்காரர் ஆட்டோ கூப்பிட்டுவிட்டார், கிளம்பவா என்றாள்.

"வேண்டாம். பாராசிட்டமால் போட்டுட்டுப் படு. திங்கக்கெழம வா" என்றேன்.

"காய்ச்சல் வந்தா ஒடனே வரணும்னு நீங்கதானக்கா சொன்னிய?"

"இங்க கூட்டம். வேற எதும் ஒட்டிக்கிடும். திங்கக்கெழம சரியாயிரும்."

"நீங்க சொன்னாச் சரிக்கா" என்றாள். ஆட்டோவைத் திருப்பி அனுப்பச் சொல்லி அவள் புருஷனிடம் சொல்வதும் கேட்டது.

இந்து கீழே வந்தபோது நான் மருந்து அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்ததா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நிச்சயம் சொல்லியிருப்பேன். கேட்காததற்கு நான் என்ன செய்ய முடியும்? சாயங்காலம் வீட்டுக்குப் போனேன், துணி துவைத்தேன். மறுநாள் கோயிலில் பாண்டிசெல்வி பேரைச் சொல்லி ஜெபம் பண்ணினேன். எனக்கு அவள்மேல் ஒரு கோபமும் கிடையாது.

ஞாயிறு மத்தியானம் அவள் பேச்சுக் குழறத் தொடங்கியிருக்கிறது. எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது பிரஷர் எடுக்க முடியவில்லை. முதல் ஊசியைப் போட்டுவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது ஆம்புலன்ஸிலேயே போய்விட்டாள்.

புருஷன் ராக்கப்பன் நடந்ததை நடந்தபடி சொன்னான். இந்து அக்காதான் வர வேண்டாம் என்று சொன்னாள் என்றான். போனில் அழைப்பு வந்த நேரம் இருந்தது. ஆஸ்பத்திரி விசாரணையில் என்னைக் கேட்டார்கள். இந்து போனில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன் என்றேன். பொய் இல்லையே, அன்றைக்கு முழுக்க அவள் பேசிக்கொண்டுதான் இருந்தாள். அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வார்டு மறுபடியும் என் கைக்கு வந்தது. புதிதாக வந்த ஒரு பெரியவருக்கு முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது.

அது அப்படியே போயிருக்கும். நான்தான் இந்துவைப் பார்த்து ஆறுதல் சொல்லிவிட்டு வரலாம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். தேரடிக்குப் பின்னால் வீடு. உள்ளே ராக்கப்பன் உட்கார்ந்திருந்தான். சண்டை போட வந்திருக்கிறான் என்று நினைத்தேன். சண்டை முடிந்த பிறகு வந்திருந்தால் ஆறுதல் சொல்லத் தோதாக இருந்திருக்கும், கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றியது.

இந்து ஆளே பாதியாகப் போயிருந்தாள். "எனக்கு நெனவு இல்லண்ணே. அன்னைக்கு அம்புட்டுப் போன் வந்துச்சு. ஆனா நாந்தான் சொல்லியிருப்பேன். வேற யாரு சொல்லியிருப்பா?" என்றாள்.

செய்யாத ஒன்றைத் தன்னுடையது என்று அவள் எடுத்துக்கொண்டாள். என் கண்முன்னால்.

ராக்கப்பன் அவளைத் திட்டவில்லை. "அழுவாதீங்கம்மா. மனுசருக்குத் தப்பு வாரதுதான். கடைசி வரைக்கும் அவ பயப்படவே இல்ல. இந்து அக்கா சொல்லிட்டாவ, திங்கக்கெழம சரியாயிரும்னு சொல்லிக்கிட்டே கெடந்தா. ஒங்க பேச்சுலதான் அவளுக்கு நிம்மதி" என்றான். பிறகு அவனும் அழுதான். இந்துவின் அம்மா இருவருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

எழுந்து போகும்போது, வாசலிலேயே நின்றிருந்த என்னை ராக்கப்பன் பார்த்தான். அவன் மனைவியை முதல் நாள் நான் அணைத்துக் கூட்டிவந்தபோது எதிரே நின்றவன்.

"நீங்களும் அந்த ஆஸ்பத்திரிலதான் வேல பாக்கியளா?" என்று கேட்டான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மனச்சாட்சி உறுத்தியது என்று எழுதிக்கொள்ளுங்கள், அப்படித்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் கூப்பிடாமல் நானாக இந்த ஸ்டேஷனுக்கு வருவேனா? செய்யாத குற்றத்தை ஓர் அப்பாவிப் பெண் சுமப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஆமாம், தெரிந்துதான் சொன்னேன். வராவிட்டால் செத்துவிடுவாள் என்று தெரியும். இந்துமேல் பழி விழும் என்றும் தெரியும். கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும், மேடம். ராக்கப்பனைக் கூப்பிட்டு நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள். அந்தப் போனில் பேசியது இந்து இல்லை. அவன் பெண்டாட்டி கடைசி வரைக்கும் பயப்படாமல் கிடந்தது என் பேச்சைக் கேட்டு. அந்த நிம்மதியைக் கொடுத்தது நான். என் பேர் ஞானபாக்கியம் என்று அவனுக்குச் சரியாகச் சொல்லுங்கள்.