தோள் படத்தில் விழுந்த கறுப்பு

— எலும்பு இல்லைங்கிறீங்க, சதையும் இல்லைங்கிறீங்க. அப்ப என்னதான் தம்பி அது? வெள்ளைத் துணியில மை கொட்டின மாதிரி இருக்கு.

— இரும்பு, அண்ணே. இந்த ஸ்கேன் மெஷின் மொத்தமும் ஒரு காந்தம். இரும்பு உள்ளே வந்துட்டா அந்த இடத்துல படம் விழாது, இப்படிக் கறுப்பாக் குழி விழும். உங்க தங்கச்சி தோள் வலின்னு வந்தாங்க. தோளுக்குக் கீழே, கைச்சதையில என்ன ஒட்டியிருந்துச்சு?

— ஜாக்கெட் ஊக்கா இருக்கும்.

— போட்டிருந்தது எங்க கவுன். நாடா வெச்சது, ஊக்கே கிடையாது.

— பாருங்க தம்பி, நான் துணிக்கடைக்காரன். மடிப்புப் பிரிக்காமலே கிழிசல் எங்கேன்னு சொல்லுவேன். இப்ப நீங்க உங்க கிழிசலை என் தலையில கட்டப் பார்க்கறீங்க. நேத்து என் தங்கச்சி சொந்தக் கால்ல நடந்து இந்த ரூமுக்குள்ள வந்தா. இன்னைக்கு மாடியில ஐ.சி.யு.வுல குழாயும் ஒயருமாக் கிடக்கறா. கடை உங்க கடை. பதிலும் நீங்கதான் சொல்லணும்.

— சொல்றேன். முதல் படத்துலயே இந்தக் கறுப்பு வந்துச்சு. அப்பவே நிறுத்தி, அவங்களை வெளியே இழுத்து, கவுன் கையைத் தூக்கிப் பார்த்திருக்கணும். வெளியே பெஞ்சு நிறைய ஆளுங்க. கோணத்தை மாத்தி எடுத்து முடிச்சிட்டேன். இது என் தப்பு, யார் கேட்டாலும் சொல்லத்தான் போறேன்.

— இப்படி எடுத்த எடுப்புலயே இறங்கி வர்ற ஆளை நான் பார்த்ததே இல்லை.

— இறங்கிட்டேன். இனி நீங்க இறங்கணும். உள்ளே விடறதுக்கு முன்னாடி நான் கேட்டேனா, இல்லையா?

— என்னமோ கேட்டீங்க. நகைங்கிறீங்க, சாவிங்கிறீங்க.

— நகை, சாவி, போன், காது மெஷின், நெஞ்சுக்குள்ள வெச்ச மெஷின், எல்லாம் கேட்டேன். கடைசியா, தோல்மேல ஒட்டற மருந்துப் பட்டையோ மெஷினோ உண்டான்னு கேட்டேன். உங்க தங்கச்சி வாயைத் திறந்தாங்க. அதுக்குள்ள நீங்க முந்திக்கிட்டீங்க. ‘என் தங்கச்சி மேல விலைச்சீட்டுகூட ஒட்டலை தம்பி’ன்னீங்க. பின்னாலே நின்ன அவங்க மாமியாரைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு வேற. நானும் சிரிச்சேன். உங்க தங்கச்சி மட்டும் சிரிக்கலை. உங்களைப் பார்த்தாங்க, அப்புறம் தரையைப் பார்த்தாங்க.

— அப்ப அவளை மறுபடியும் கேட்கறதுதானே?

— கேட்டிருக்கணும். தனியா உள்ளே கூட்டிட்டுப் போய், ஏன் கேட்கறேன்னும் சொல்லி, அவங்க வாயால பதில் வாங்கியிருக்கணும். இங்க எங்க வழக்கம் என்னன்னா, கூட வந்தவங்கள்ல யார் குரல் பெரிசோ அவங்க சொல்றதே பதில். உங்க குரல் பெரிசு.

— கதவைச் சாத்துங்க தம்பி.

— சாத்தித்தான் இருக்கு.

— அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே சர்க்கரை. இன்சுலின் இல்லாம ஒரு நாள் ஓடாது. சொன்ன இடத்துல எல்லாம் வரன் தட்டிப்போச்சு. இந்தச் சம்பந்தம் வந்தப்ப நான் வாயைத் தச்சுக்கிட்டேன். ஊசி போட்டா வெளியே தெரிஞ்சிடும்னு, தானா இன்சுலின் ஏத்தற அந்த மெஷினை நானே தேடி வாங்கிக் குடுத்தேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். கையில ஒட்டிக்கிட்டா ஜாக்கெட்டுக்குள்ள மறைஞ்சிடும். நீங்க என்னடான்னா, மாமியாரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னு சத்தமாக் கேட்கறீங்க. நான் என்ன பண்ணுவேன்?

— அதுக்குள்ள ஒரு மோட்டார் இருக்கு, அண்ணே. காந்தத்துல அது கெட்டுப்போய், நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டா இறங்க வேண்டிய மருந்தை ஒரேயடியா உள்ளே தள்ளியிருக்கும்.

— குகை மாதிரி இருக்கு, பயமா இருக்குன்னு சொன்னதுக்கு நீங்கதான் மயக்க ஊசி போட்டீங்க. வெளியே வந்தும் தூங்கினா. ஊசி வேலை செய்யுது, தூங்கட்டும்னு உங்க நர்ஸம்மா சொல்லிட்டுப் போயிட்டாங்க. வேர்த்துக் கொட்டுச்சு தம்பி. நான் துண்டால துடைச்சுவிட்டு, ஃபேனைக் கூட்டி வெச்சேன். பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன்.

— அந்த மெஷின் இப்ப எங்கே?

— ஐ.சி.யு.வுக்குத் தள்ளிட்டுப் போன அவசரத்துல உரிச்சு எடுத்துட்டேன். என் சட்டைப்பையில இருக்கு.

— சர்க்கரை வியாதி உண்டான்னு டாக்டர் உங்களைக் கேட்கலையா?

— கேட்டார். மாமியார் கூடவே நின்னாங்க. இல்லைன்னுட்டேன். ஒருத்தருக்கு மேல இருக்கக்கூடாதுன்னு அப்புறம் அவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதுக்குப் பிறகு டாக்டர்கிட்ட மாத்திச் சொன்னா, ஏன் மறைச்சேன்னு கேட்பாரில்ல?

— நேத்து தரையில கிடந்த சர்க்கரை இன்னைக்குக் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போகுது. மெஷினை உரிச்சிட்டீங்க, உள்ளே சொட்டு இன்சுலின் கிடையாது. அதைக் குடுக்கவும் டாக்டர் பயப்படறார். நேத்து காரணம் தெரியாம விழுந்த சர்க்கரை, குடுத்தா மறுபடியும் விழுமோன்னு தயங்கறார். காலையில இந்தப் படத்தைக் கேட்டு ஆள் அனுப்பினார். அப்பதான் எடுத்துப் பார்த்தேன், உடனே உங்களைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

— ஒரு பேச்சுப் பேசிக்கலாம் தம்பி. நீங்க போய் டாக்டர் காதுல மட்டும் போடுங்க. என் பேர் வேண்டாம், கேட்டேன் மறைச்சாங்கங்கிற கதையும் வேண்டாம். நானும் உங்க மேல புகார்னு ஒரு வார்த்தை பேச மாட்டேன். ரெண்டு பேருக்கும் நஷ்டம் இல்லாம முடிச்சுக்குவோம்.

— நஷ்டம் மாடியில படுத்திருக்கு, அண்ணே.

— உங்களுக்கு என்ன, சொல்லிட்டுப் போயிடுவீங்க. நாளைக்கு அவ கண்ணு முழிச்சு எந்த வீட்டுக்குப் போவா?

— முதல்ல முழிக்கட்டும். மெஷினைக் குடுங்க, நான் மாடிக்குப் போறேன். வழியில யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லுவேன். என் வேலை போனாலும் சரி, உங்க சம்பந்தம் போனாலும் சரி.

— கொஞ்சம் பொறுங்க. யாரோ கதவைத் தட்டறாங்க.

— மச்சான், இங்கயா இருக்கீங்க? உங்களை எங்கெல்லாம் தேடறது?

— மாப்பிள்ளை, வெளியூர்லேர்ந்து எப்ப வந்தீங்க?

— இப்பதான். அம்மா போன் பண்ணினாங்க, கிடைச்ச வண்டியில ஏறிட்டேன். நேரா டாக்டரைப் பார்த்துச் சொல்லிட்டேன்.

— என்ன சொன்னீங்க?

— அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்து சர்க்கரை, கையில மெஷின் இருந்துச்சுன்னு. இப்ப இன்சுலின் ஏத்தறாங்க. ஆனா நேத்து மூளை ரொம்ப நேரம் சர்க்கரை இல்லாமக் கிடந்திருக்காம். முழிச்சாலும் நம்மளைத் தெரியுமான்னு சொல்ல முடியாதுங்கறார்.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— கல்யாணம் ஆன வாரமே அழுதுகிட்டே சொல்லிட்டா. எங்க அண்ணன் என்னைக் கரையேத்தத்தான் மறைச்சார், தெரிஞ்ச மாதிரி அவர்கிட்ட காட்டிக்காதீங்கன்னு எங்ககிட்ட கெஞ்சினா.

— எங்ககிட்டன்னா? உங்க அம்மாவுக்கும்...

— அவ கையில அந்த மெஷினை மாத்தி மாத்தி ஒட்டிவிடறதே அம்மாதான், மச்சான். நேத்து நீங்க ஒண்ணுமில்லைன்னு சிரிச்சப்பவும், டாக்டர்கிட்ட இல்லைன்னப்பவும், நாலு பேர் எதிர்ல உங்க மானம் போகக்கூடாதுன்னு அம்மா வாயைத் திறக்கலை.