படகு ரேடியோவும் வெள்ளீயமும்

— மெதுவா வைங்க மாரிக்கண்ணு அண்ணே, ரேடியோ மேல என்னா கோவம்? குடுங்க, தொறந்து பாக்குறேன்.

— ஒடஞ்சா ஒடயட்டும் தங்கச்சி! பட்டினச்சேரியிலேருந்து சைக்கிள மிதிச்சிக்கிட்டு வர்றவனுக்குக் கோவம் வராதா? முந்தாநாளு நடுக்கடல்ல நிக்கிறோம். திருச்சி ரேடியோவுல புயல் சேதி சொல்ற நேரம். திருவுறேன், தட்டுறேன், காதுல வச்சிப் பாக்குறேன், பொணமாட்டம் கெடக்குது. பக்கத்துப் படகுக்காரன் துண்ட வீசிக் கூப்புட்டான், பொழச்சோம். நாலு உசுரு! என்னா நாஞ்சொல்றது?

— ஐயய்யோ. எல்லாரும் கரை சேந்துட்டீங்கல்ல?

— சேந்ததாலதான் ஒங்கிட்ட சண்ட போட வந்திருக்கேன். எங்க ஒம் புருசன்? சோமசேகரன் போன வருசம் பத்த வச்சது கல்லாட்டம் நின்னுச்சி. இந்தத் தடவ ரெண்டு மாசம் தாங்கல.

— அவரு சாமான் வாங்கக் காரைக்கால் போயிருக்காரு. போன வருசம் பத்த வச்சதும் இந்த அமுதந்தாண்ணே. கோளாறு எங்கன்னு அவரு சொல்லுவாரு, சூட்டுக்கோலு எங் கையிலதான்.

— அப்ப கை மறந்துபோச்சா?

— கை மறக்கல. பத்த வக்கிற சால்டர மாத்திட்டேன்.

— மாத்துனியா? சொல்லாமலா?

— சொல்லியிருக்கணும், தப்புதான். இங்க பாருங்க, பேட்டரிக் கம்பி வேரோட உட்டுப்போயிருக்கு. சுத்தி பச்சையா பூத்திருக்கு.

— உப்புக்காத்து.

— உப்புக்காத்து மட்டும் இல்லண்ணே, நவச்சார உப்பும்தான். பாத்திரத்துக்குக் கலாய் பூசுற அல்லா பிச்சை பாய்கிட்டதான் வெள்ளீயம் வாங்குனேன். நவச்சாரம் தொட்டாதான் புடிக்கும்னு அதையும் பொட்டலம் கட்டிக் குடுத்தாரு. அவரு பூசுன அண்டாவக் கழுவிருவாங்க. ரேடியோவ யாரு கழுவுறது? கம்பியத் தின்னுடுச்சி.

— அண்டாவுக்குப் பூசுறத ரேடியோவுக்குப் பூசுனியா! நல்லவேள, புளி போட்டு வெளக்காம உட்டியே.

— சிரிங்க, சிரிங்க.

— நான் எங்க சிரிக்கிறேன்? கடையில சால்டர் கம்பி சுருள் சுருளாத் தொங்குது. அத உட்டுட்டு எதுக்கு இந்தக் கூத்து?

— அதுல பாதி ஈயம்ணே, வெள்ளீயம் மாதிரியில்ல, வெசம். எங்க மவ வல்லி ஒடம்புக்கு முடியாமக் கெடந்தாளே, ஞாபகம் இருக்கா?

— சோறு எறங்காம, வயித்த வலின்னு சுருண்டு கெடந்துச்சே. பேய் அடிச்சிருக்குன்னு ஆளாளுக்குச் சொன்னாங்க.

— பேய் இல்ல, இந்த மேசைதான். சூட்டுக்கோல ஒதறுனா ஈயம் தூளாக் கீழ விழும். அவ கீழதான் உக்காந்து வெளையாடுவா, கைய வாயில வப்பா. பாண்டிச்சேரி பெரியாசுபத்திரியில ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, ஒடம்புல ஈயம் ஏறியிருக்குன்னாங்க. பொழங்குற எடத்துல ஈயமே இருக்கப்படாதாம். தரையத் தேய்ச்சிக் கழுவுனோம், இந்தச் சுருளயெல்லாம் தொடுறதில்ல. இப்ப தட்ட வழிச்சித் தின்னுறா. போலகம் திருவிழாவுல அவ ஓடுன ஓட்டத்தப் பாத்து அவரு கண்ணு கலங்கிட்டாரு.

— கேக்கவே நல்லாருக்கு தங்கச்சி. ஆனா எம் படகுல இருக்குறவனுவளும் புள்ள பெத்தவனுவதான். ஒம் புள்ளைக்கு நல்லது எங்களுக்கு ஆபத்துன்னா என்னா செய்யிறது? எனக்குப் பழைய கம்பியிலயே பத்த வச்சிக் குடு.

— முடியாதுண்ணே.

— அப்ப நாகப்பட்டினத்துக்குக் கொண்டுபோறேன். பட்டினச்சேரி படகெல்லாம் எம் பின்னாடியே வந்துரும், தெரிஞ்சிக்க.

— தெரியும். கடைய மூட வேண்டியதுதான். ஆனா இதக் கேட்டுட்டுப் போங்க. பச்ச பூத்தது எம் முட்டாத்தனம். இனிமே நவச்சாரம் கெடையாது, ரேடியோவுக்குன்னு விக்கிற ரோசின் பிசின்தான். இன்னொன்னு இருக்கு, அதையும் மறைக்க மாட்டேன். ஈயம் கலந்தா இஞ்சின் ஆட்டத்துக்கு நெளிஞ்சி குடுக்கும். வெள்ளீயம் வெரப்பா நிக்கும், நெளியாது. ஆட்டம் கூடுனா விரிசல் உட்டுரும்.

— பாத்தியா? நீயே சொல்ற!

— சொல்லாம? அதுக்குத்தான் இனிமே கம்பிய ஓட்டையில கோத்து, முறுக்கி மடக்கிட்டு, அதுக்கு மேலதான் பத்த வப்பேன். விரிசல் உட்டாலும் கம்பி எடத்த உட்டு நவுராது. நீங்க பொட்டியப் பலகையில இறுக்கிக் கட்டாம, சைக்கிள் டியூப்புல தொங்க உடுங்க.

— ரேடியோவுக்குத் தொட்டில் கட்டணுங்கிற.

— தொட்டில்தான். இருந்தாலும் ஈயம் அளவுக்கு நிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். மாசாமாசம் கொண்டாங்க, தொறந்து பாத்துத் தாரேன். கடலுக்குப் போறதுக்கு முன்னால பாத்துக்கலாம்ல?

— ம்... ஒளிக்காம சொல்ற, அதுவரைக்கும் சரி. ஆனா எம் மனசு இன்னும் ஒப்பல. யோசிக்கணும். ஆமா, இந்தச் சுருளையெல்லாம் என்னா பண்ணப் போற? தூக்கிப் போடுறதா இருந்தா எனக்குக் குடு, வலைக்குக் குண்டு வாத்துக்குறோம்.

— எங்க வச்சி வாப்பீங்க?

— வீட்டுலதான். இன்னிக்கிக்கூட ஈயத்த அடுப்புல ஏத்தியாச்சி. பொஞ்சாதி காய்ச்சி அச்சுல ஊத்துவா. சின்ன மவ அஞ்சுகம் கயித்துல வரிசையா கோத்து, பல்லாலயே கடிச்சி இறுக்குவா பாரு, பெரிய ஆளு தோத்துப்போவான்.

— பல்லாலயா? அண்ணே... அவ நல்லா சாப்புடுறாளா?

— எங்க, அது நோஞ்சான். வயித்த வலிக்குதும்பா, பள்ளிக்கூடம் போவாம இருக்குறதுக்கு.

— ஈறுல நீலமா கோடாட்டம் இருக்கா? வல்லிக்கு அதப் பாத்துதான் டாக்டருக்குச் சந்தேகமே வந்துச்சி.

— நாவப்பழக் கறைன்னு அவ ஆத்தா தெனம் சாம்பல் வச்சித் தேய்க்கிறா... நாவப்பழம் முடிஞ்சி மாசக்கணக்காச்சே.

— பயப்படாதீங்க. வல்லி தேறலியா? கூட்டிக்கிட்டு வாங்க, பாண்டிச்சேரிக்கு நானும் கூட வாரேன்.

— ரேடியோவ வெள்ளீயத்துலயே பத்த வையி தங்கச்சி. நான் போயி அடுப்ப அவிச்சிட்டு, புள்ளையத் தூக்கிக்கிட்டு வாரேன்.