வந்து சேராதவரின் கல்லறை

மணியில் ஒரு கையும் கடிகாரத்தில் ஒரு கண்ணுமாய் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையை மனத்திலும் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே! அகழாய்வுக் குழிகளில் மண் தோண்டித் தோண்டிக் காய்த்துப்போன என் கைகளின் வணக்கம்!

ஊருக்கு மேற்கே இருக்கிறதே, அது மேடா? அல்ல! அது ஓர் ஊர்! நமக்கு முன்னால் மண்ணுக்குள் குடியேறியவர்களின் ஊர்! பாறைகளை வளையமாய் நட்ட கல்வட்டம் அங்கே உண்டு. பலகைக் கற்களால் பெட்டிபோல் கட்டி, இறந்தவரை வைத்து மூடிய கற்பதுக்கை உண்டு. ஆளையே அமர்த்திப் புதைத்த பெருந்தாழி உண்டு. யானை தள்ளினாலும் அசையாத மூடுகல்லை எந்த இயந்திரம் தூக்கியது? தூக்கியவை தோள்கள்! துணை நின்றது துயரம்!

என்ன தம்பி? "புதையல் கெடைச்சுதா"ன்னு கேட்கிறீர்களா? கிடைத்தது. ஒரு கிண்ணம், அது நிறைய மண். சிரியுங்கள், நானும் சிரித்தவன்தான்.

கடைசியாகத் திறந்த பதுக்கையில் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. கிண்ணம் இருந்தது. கத்தி இருந்தது. தலைமாட்டில் தண்ணீர்க் குடம் இருந்தது. எலும்பு மட்டும் இல்லை! ஒரு பல்கூட இல்லை! "திருடன் புகுந்திருப்பான்" என்றோம். மூடுகல் அசையவே இல்லை. "மண் தின்றிருக்கும்" என்றோம். பக்கத்துப் பதுக்கைகளில் எலும்புகள் பத்திரமாக இருந்தன. எங்கள் குழுவில் படம் வரையும் அம்மா, அண்ணனைக் கடலில் பறிகொடுத்தவர். உடல்கூடக் கரை சேரவில்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆள் வந்து சேரலை சார். அதுக்காக எடம் வைக்காம விட்டுட முடியுமா?"



போருக்குப் போனவரா? வெள்ளத்தோடு போனவரா? அறியேன்! வராத ஒருவருக்காக ஓர் ஊரே கூடிக் கல் சுமந்திருக்கிறது. அது மட்டும் அறிவேன்!

அந்தப் பதுக்கையின் மேல்தான், இன்று நீங்கள் வாக்களிக்கப் போகும் புதிய சாலை வருகிறதாம். கேட்டால், இதோ அமர்ந்திருக்கும் சாலைக் குழுச் செயலாளர், "அது காலிதானே சார்" என்கிறார். காலியா ஐயா? வெளியூர் போன பிள்ளையின் படுக்கையைப் பார்த்து எந்தத் தாயாவது காலி என்பாளா? சாலை வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டி அதில்தான் விரைய வேண்டும். அந்த ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் வளைந்து போகட்டுமே!

தலைவர் வாக்கெடுப்புக்கு எழுகிறார். வளையட்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்! அதோ ஒரு கை... தாய்மார்கள் பக்கம் பாருங்கள், அத்தனை கைகள்! இறக்காதீர்கள், தலைவர் எண்ணி முடிக்கட்டும். அந்த முகம் தெரியாதவருக்காக நன்றி சொல்ல இங்கே அவர் வீட்டார் யாரும் இல்லை. அவர் வீட்டாளாக நின்று நான் சொல்கிறேன்: நன்றி! உங்களை வணங்கி அமர்கிறேன்!