மாத்திரை போகாத ஊர்

திண்டுக்கல் வெயிலுக்கு டைப்ரைட்டர் ரிப்பன் சீக்கிரம் காஞ்சு போகுது, இன்ஸ்பெக்டர் ஐயா. டப்பாவுல மூடி வச்சா இன்னும் கொஞ்ச நாள் உழைக்கும். எங்க தர்ம ஆஸ்பத்திரியில இது எனக்கு மட்டுந்தான் தெரியும். அங்க பவுல்ராஜ்னு கேட்டா யாருக்கும் தெரியாது, மனு எழுதுறவர்னாத்தான் தெரியும்.

என் வேலை அதுதான். சீமையில இருக்கிற தர்ம ஸ்தாபனங்களுக்கு இங்கிலீஷ்ல மனு எழுதி ஆஸ்பத்திரிக்கு உதவி வாங்கிக் கொடுக்கிறது. காசநோய்க்காரங்களை ஆஸ்பத்திரியில படுக்கப் போட வேண்டாம், வீட்டுல வச்சே மாத்திரை கொடுத்தாப் போதும்னு மெட்ராஸ்ல ஆராய்ச்சி பண்ணிச் சொல்லிட்டாங்க. அதை நம்ம தாலுகா முழுக்கச் செய்யணும்னு டாக்டர் ஜெகபர் அலிக்கு ஆசை. தங்கமான மனுஷன். அறுபதாம் வருஷம் நான் எழுதுன மனு திரும்பி வந்துச்சு. பட்டணத்துல நடந்தது பட்டிக்காட்டுல நடக்கும்ங்கிறதுக்கு என்ன அத்தாட்சின்னு கேட்டிருந்தாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அதுக்கு முன்னால நான் எழுதுன எதுவும் திரும்பி வந்ததில்ல.

அத்தாட்சி காட்டணும்னு சாணார்பட்டிக்குக் கிழக்க ரெண்டு ஊரை எடுத்துக்கிட்டோம். கையில இருந்த மாத்திரை ஒரு ஊருக்குத்தான் காணும். ஆவாரங்குளத்துக்கு முதல்ல கொடுப்போம், சரக்கு வந்ததும் கொழிஞ்சிப்பட்டிக்குக் கொடுப்போம்னு டாக்டர் சொன்னாரு. ரெண்டு ஊருக்கும் வாராவாரம் சைக்கிள் மிதிச்சது நான்தான்.

தீபாவளிக்கு முன்னாலயே சரக்கு வந்துருச்சு. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, நாளைக்கே கொழிஞ்சிப்பட்டிக்குக் கொண்டு போயிருங்கன்னாரு. சரின்னேன். அப்ப ரெண்டாவது மனுவைப் பாதி அடிச்சு வச்சிருந்தேன். மாத்திரை போன ஊர்ல ஆளுங்க தேறிக் காட்டுவேலைக்குப் போறாங்க, போகாத ஊர்ல இருமிக்கிட்டுக் கிடக்காங்கன்னு எழுதியிருந்தேன். ரொம்ப நல்லா வந்திருந்துச்சு. கொழிஞ்சிப்பட்டிக்கும் மாத்திரை போயிருச்சுன்னா அந்தப் பக்கத்தையே கிழிச்சுப் போடணும்.

பெட்டிகளை என் பீரோவுல வச்சுப் பூட்டினேன். அந்த ஊர் ஜனம் ஊசி போட்டாத்தான் வைத்தியம்ங்கிறாங்க, மாத்திரையைத் தொடவே மாட்டேங்கிறாங்கன்னு டாக்டர்கிட்ட சொன்னேன். நம்பிட்டாரு. நம்பத்தான் செய்வாரு. ஆஸ்பத்திரி வாசல்ல ஊசி கேட்டு அவர்கிட்ட தினம் மல்லுக்கட்டுறவங்க அம்புட்டுப் பேரு.

கொழிஞ்சிப்பட்டியில மூக்காயின்னு ஒருத்தி. அவ மகன் பொம்மையன் தோல் பதனிடுற ஷாப்புல வேலை பாத்தவன். ரத்தமாக் கக்கி, வீட்டோட கிடந்தான். நான் வர்ற நாள் பாத்து அவ வண்டிப்பாதையில வந்து நிப்பா.

“அந்த ஊருக்காரவுகளுக்குக் குடுக்குறதுல கொஞ்சம் எம்மகனுக்கும் குடுங்கய்யா. பொண்ணு பேசி வச்சிருக்க பய.”

“சரக்கு வரலத்தா. வந்ததும் முதல்ல உனக்குத்தான்.”

வாராவாரம் இதே பேச்சுதான். ஒருநாளும் அவ சத்தம் போட்டதில்ல. மடியிலருந்து வெள்ளரிப்பிஞ்சு எடுத்துக் கொடுப்பா, வாங்கிக்குவேன். வேண்டாம்னா சங்கடப்படுவா. அப்படியே வீட்டுக்குள்ள போயி பொம்மையன் எம்புட்டு மெலிஞ்சிருக்கான்னு பாத்துட்டு வருவேன். மனுவுல அவன் பேரைப் போடல, கல்யாண வயசு வாலிபன்னு மட்டும் போட்டேன். மாசி மாசம் அவன் செத்துப்போனான். வருத்தமா இல்லையான்னு கேட்டீங்க. ஒரு வரியை மாத்தி அடிக்க வேண்டியிருந்துச்சு. அவனுக்கு முன்னாலயும் பின்னாலயும் அந்த ஊர்ல போனவங்களையும் சேத்துக்கிட்டேன்.

மனு பாஸாயிருச்சு. இன்னிக்கு எரியோடு ஊர் வரைக்கும் மாத்திரை போகுது. கொழிஞ்சிப்பட்டிக்கு மட்டும் நான் விடல, அங்க கொடுத்தா என் பொய் வெளியாயிரும். எத்தனையோ குடும்பம் பிழைச்சிருக்கு. அதைப் பத்தி இந்த ஸ்டேஷன்ல யாரும் ஒரு வார்த்தை கேக்கல, அதுதான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

மூக்காயிக்கே இருமல் கண்டு, ஆஸ்பத்திரிக்கு நடந்தே வந்து, சரக்கு எப்ப வரும்னு டாக்டர்கிட்டயே கேட்டுட்டா. அவர் வந்து என் பீரோவைத் திறக்கச் சொன்னாரு. திறந்தேன். என்னைத் திட்டக்கூட இல்ல, தரையில உக்காந்து அழுதாரு. அம்புட்டுப் படிச்ச மனுஷன்.

ஆமா, பூட்டி வச்சதும் நான்தான், பொய் சொன்னதும் நான்தான். அத்தனை சாவும் தெரிஞ்சு நடந்ததுதான். எழுதிக்கோங்க, கையெழுத்துப் போடுறேன்.

ஒரு பெட்டி மட்டும் ஏன் பிரிச்சிருக்குன்னு கேட்டீங்கல்ல. அது என் மக செபாஸ்தியம்மாளுக்கு. பொம்மையன் சாகுறதுக்கு முந்தின மாசம் அவளுக்குச் சளியில ரத்தம் தெரிஞ்சது. அன்னிக்கே பீரோவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன், ஒரு வேளை தவறவிடல. இப்பத் தேறிட்டா, பள்ளிக்கூடம் போறா. பிள்ளை இருமி இருமிச் சாகுறப்ப, மருந்தைப் பீரோவுல பூட்டி வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருக்க நான் என்ன கல்நெஞ்சுக்காரனா ஐயா?